வாசிலியின் பைப்பைப் புகைத்தது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வெம்பிளி வீட்டு ஹோலில் ஒரு ரஷ்யர் உட்கார்ந்து பைப் ஒன்றை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை முகர்ந்து பார்த்தார். நான் மெல்லப் பின்வாங்கினேன்.

பெயர் வாசிலி. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். சோவியத் யூனியன் உடைந்ததுமே லண்டன் வந்தவர். மரவேர்க் கட்டையை அறுத்து, குடைந்து, அரம் போட்டு, கையாலேயே புகைக்கும் பைப் செய்கிறார். ஒன்றுக்கு இரண்டு வாரம்! ஒரே ஒரு கஷ்டம்... நெஞ்சு வருத்தம் என்று டொக்டர் அவருக்குப் புகையைத் தடுத்துவிட்டார். தன் பைப் நல்லதா என்று தனக்கே தெரியாத மனிதர்.

இதில் நான் எங்கே வந்தேன்? என் வாயால்தான்.

ஒருநாள் வேலியோரம் நின்று, யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு உலகத்தில் ஈடில்லை, அது எங்கள் இரத்தத்திலேயே ஊறியது என்று அளந்துவிட்டேன். உடனே புதுப் பைப்பையும் ஒரு டின் புகையிலையையும் என் கையில் திணித்தார்.

"பத்து நாள் பிடித்துப் பார். சூட்டில் கட்டை வெடிக்கிறதா, உண்மை சொல். அதற்குப் பிறகு வரும் திங்கட்கிழமை பைப் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். அவர் எடுக்காவிட்டால் நான் மறுபடியும் கோழி வெட்டும் தொழிற்சாலைக்குத்தான்."

நான் சுருட்டு, சிகரெட் எதையுமே தொட்டதில்லை! ஊர்ப்பெருமை பேசியவன் அதைச் சொல்ல முடியுமா? தலையாட்டினேன்.

முதல் இழுப்பில் கண் பிதுங்கியது. இரண்டாவது இழுப்பில் புகை அலாரம் கத்தியது. பைப் அலுமாரிக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்த மனைவி என் முகத்தைப் பார்த்தார்.

"பிடிச்ச பைப் மாதிரி உள்ளுக்குக் கறுத்தால் காணும்தானே? இஞ்ச தாருங்கோ."

சாமிக்கு மூட்டிய தணலை இடுக்கியால் எடுத்துப் பைப்புக்குள் வைத்தார். மேலே சாம்பிராணியைத் தூவினார். வீடு முழுக்கப் பைப்பாலேயே தூபம் காட்டினார்.

அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை வாசிலி முகர்ந்தார். "இது புகையிலை இல்லை," என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு மனிதனின் பிழைப்போடு விளையாடிவிட்டேனே! எல்லாவற்றையும் கக்கிவிட்டேன்.

வாசிலி எழுந்தார். பைப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே விரல் விட்டுத் தடவினார். பிறகு என் மொழிபெயர்ப்பில் மனைவியிடம் கேட்டார்: "நெருப்புக் கரியா? எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம் வரும். பிழையோ?"

"கரி புகையிலையைவிட எவ்வளவு சூடு! வெடிக்கவே இல்லை!" என்று மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பழக்கமில்லாத மனைவி கூச்சத்தில் நெளிந்தார்.

பெருமை பேசுகிறவனை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்காதீர்கள். அவன் வீட்டுக்காரியிடம் ஒப்படையுங்கள்.

திங்கட்கிழமை வாசிலி அந்தக் கறுத்த பைப்பையே கடைக்குக் கொண்டுபோய்க் கதையைச் சொல்லியிருக்கிறார். வாசிலியிடம் இருந்த அத்தனை பைப்பையும் கடைக்காரர் எடுத்துக்கொண்டாராம். சோதித்த யாழ்ப்பாணத்து நிபுணரை நேரில் பார்க்க வேண்டும் என்றாராம்.

நிபுணர் இப்போது மாடியில் சேலை மாற்றுகிறார். என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார் — மொழிபெயர்க்க!