டாக்டருக்கும் வழியை அடைத்தேன்

பதுளையில் கணினிப் பராமரிப்பு வேலை செய்கிறேன். மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றின் மருந்தகக் கணினியையும் இங்கிருந்தே கவனிக்கிறேன். அங்கு வரும் நோயாளிகளைப் பதுளை டாக்டர் அதன் திரை வழியாகத்தான் பார்க்கிறார்.

அந்தக் கணினியில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். வெளியார் நுழையாதிருக்க, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல ஃபயர்வால் ஒன்றை அதில் சேர்த்தேன். டாக்டருக்கும் எனக்கும் தேவையான வழிகளைத் திறந்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மூட வேண்டும். நான் மூடும் கட்டளையை முதலில் கொடுத்துவிட்டேன். அந்த நொடியே என் இணைப்பும் அறுந்தது.

மருந்தகத்துக்குள் தொலைபேசி சிக்னல் கிடையாது. அங்கே பிரசவம் பார்க்கும் மருத்துவமாது செல்வி அக்கா சிக்னல் கிடைக்கும் சாலை வளைவுவரை நடந்து வந்து அழைக்கும்வரை என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

“டாக்டர் பேசிக்கிட்டிருக்கப்பவே காணாமப் போயிட்டாரு தங்கச்சி. புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒக்காந்திருக்கு, பிரஷர் ஏறிக்கிட்டே இருக்கு.”

“நான்தான் தப்பாப் பூட்டிட்டேன்க்கா. கம்ப்யூட்டர ஒருக்கா அணைச்சுப் போடுங்க, சரியாயிரும்.”

“கள்ளன நிப்பாட்டச் சொன்னா டாக்டரையும் சேத்து நிப்பாட்டிட்டியே” என்றபடி அக்கா ஓடினார்.

ஃபயர்வாலுக்குக் கொடுத்த விதிகளை நான் இன்னும் சேமிக்காததால், கணினியை அணைத்துப் போட்டதும் அவை அழிந்தன; தப்பித்தோம். திரையில் மீண்டும் தெரிந்த டாக்டர், உடனே பதுளைக்கு அனுப்பச் சொன்னார். தோட்ட லொறியில் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம்.

இப்போது, என் இணைப்பு அறுபடவில்லை என்று நான் உறுதிசெய்யாவிட்டால் சில நிமிடங்களில் ஃபயர்வால் தானாக விலகும்படி முதலில் அமைக்கிறேன். அதற்கும் முன், நோயாளி யாரும் திரைமுன் இருக்கிறார்களா என்று டாக்டரைக் கேட்கிறேன். அன்று கேட்கவில்லை; அவரோ என் அலுவலகத்துக்கு அடுத்த தெருவில்தான் இருந்தார்.