புராஜெக்டுக்குப் போன குக்கர்

இன்றைக்கும் ‘புராஜெக்ட்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் குமட்டும். 2010-ஐ ஒட்டிய வருடங்கள். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. நாகர்கோவிலில் தெருவுக்குத் தெரு புராஜெக்ட் சென்டர். கடைசி வருடப் பிள்ளைகள் அங்கே செய்து வைத்த புராஜெக்டில் ஒன்றை, ஜவுளிக்கடையில் சேலை எடுப்பதுபோல் தேர்ந்தெடுத்து வாங்கி வருவார்கள். வாத்தியார்மாருக்கும் தெரியும்.

நானும் என் தோழியும் வாங்கவில்லை. ஓமானில் எண்ணெய் வயலில் வேலை பார்த்த அண்ணன் போனில் சொன்னதைச் செய்து பார்க்க ஆசை. அங்கே பூமிக்கடியில் எண்ணெய் தார்போலக் கெட்டியாகக் கிடக்குமாம். நீராவியைச் செலுத்தி இளக்குவார்களாம். கூடவே கொஞ்சம் வாயுவும் விட்டால் ஆவிச் செலவு குறையுமாம்.

ஆவிக்கு அம்மையின் குக்கர். “ஏட்டி, முழுசா திருப்பிக் கொண்டு வருவியா?” என்று கேட்டுத்தான் தந்தாள். வாயுவுக்கு சோடாக் கம்பெனி சிலிண்டர். இரும்புக் குழாயில் கடற்கரை மணலையும், ஒர்க்‌ஷாப் கழிவு எண்ணெயில் இளக்கிய தாரையும் அடைத்தோம். அந்த நாற்றம் தலைமுடிவரை ஏறியது. அந்தக் கையோடுதான் சோறு தின்றோம். வாயு சேர்த்தபோது குறைந்த தண்ணீரிலேயே அதே அளவு தார் சொட்டியது. துள்ளிக் குதித்தோம். வாயுவைக் கூட்டியபோது சொட்டு நின்றுபோனது. அதையும் மறைக்காமல் எழுதினோம்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: “எந்த சென்டர்ல வாங்குனது?”

நாங்களே செய்தது என்றேன். நம்பாமல் சிரித்தார். மாதக்கணக்கில் நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்திருந்த கைடு சார் பக்கத்தில்தான் நின்றார், வாய் திறக்கவில்லை. பிறகு, “செட்டப் இங்கயே இருக்கட்டும், டிபார்ட்மென்டுக்கு வேணும்” என்றார். அம்மை குக்கரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

அடுத்த வருடம் சான்றிதழ் வாங்கப் போனேன். லேபில் ஜூனியர் பையன்கள் வைவாவுக்குக் காத்து நின்றார்கள். மேசைமேல் எங்கள் குழாய். கைப்பிடியில் கம்பி சுற்றிய அம்மையின் குக்கர்.

“ஏலே, இது எங்கேருந்து?”

“சென்டர்ல வாங்குனது, அக்கா. சார்தான் அங்க போகச் சொன்னாவ.”

பக்கத்தில் நின்ற கைடு சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். காறித் துப்பலாம் போலிருந்தது. குக்கரைக் கழற்றி எடுத்தேன்.

“வைவா முடியட்டும் மக்கா” என்றார், குரலைத் தாழ்த்தி.

“போன வருசமே முடிஞ்சாச்சு சார்” என்றேன்.

அம்மைக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே அதில் சோறு வைத்தாள். தார்க் கையோடு தின்று பழகிய எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்தேன்.

“நல்லா தேச்சுத்தானே கழுவுனேன், பின்ன என்னட்டி?” என்றாள் அம்மை.