பெரிஸ்கோப்பை இறக்கச் சொன்னவர்

அடையாறில் ஒரு மருத்துவமனை. அப்பாவை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோன கதவைப் பார்க்கப் பிடிக்காமல், போனில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு ஒன்றைத் தொடங்கினேன். எதிரிக் கப்பல்கள் என்னைத் திரும்பத் திரும்ப மூழ்கடித்தன.

பக்கத்து நாற்காலிக்காரர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓயாமல் காலாட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவர் மனைவியும் உள்ளேதான். சட்டென்று என் போனை எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், பெரிஸ்கோப்ப தண்ணிக்கு மேல தூக்கிக்கினே கீறீங்க? அதான் அவன் கண்ல மாட்றீங்க. ஒரு தபா பாத்துட்டு டக்குனு எறக்கிரணும். இன்ஜின ஆப் பண்ணிட்டு அடில கம்முனு கெடங்க. அவனே பூடுவான்.”

சொன்ன கையோடு எழுந்துபோய், கதவின் வட்டக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“நீங்க மட்டும் பெரிஸ்கோப்ப தூக்கிக்கிட்டே இருக்கீங்களே சார்?” என்றேன்.

“கேம்ல கம்முனு கெடக்கலாம் சார்” என்றார். கால் நிற்கவில்லை.

கதவைத் திறந்து நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். வெறுங்காலோடு ஓடினார்.

அவர் சொன்னபடி இன்ஜினை நிறுத்திவிட்டு அடியில் கிடந்தேன். எதிரி போய்விட்டான். நெடுநேரமாகியும் செருப்பு நாற்காலிக்கடியிலேயே கிடந்தது. போனை வைத்துவிட்டு எழுந்துபோய், அந்தக் கண்ணாடியில் நானும் முகத்தை ஒட்டினேன்.