தொடையில் பிடுங்கிய ரோமம்

பொன்னையண்ணன் காலமான செய்தியை, தோவாளையிலிருந்து பூக்கூடைகளோடு வந்த பேருந்தின் நடத்துனர் சொல்லிவிட்டுப் போனார். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பிறகு நம் ஆட்டுப்பண்ணையில் இரங்கல் கூட்டம் நடத்தினீர்கள். ஆளாளுக்கு "பண்பாளர்" என்றீர்கள். இருந்தவரைக்கும் அவரை "ஆட்டுக் கிறுக்கன்" என்றதும் இதே வாய்கள்தான். என் வாயையும் சேர்த்தே சொல்கிறேன்.

சுதந்திரம் வந்த ஆண்டில் மெல்லிய ரோமமுள்ள சீமைச் செம்மறிக்கடா ஒன்று பண்ணைக்கு வந்தது. நாட்டு ஆடுகளோடு அதைச் சேர்த்ததில் பிறந்தவை எல்லாம் தேங்காய் நார் போன்ற ரோமத்தோடு நின்றன. மேலிடம் முகம் சுளித்தது. கால்நடை உதவியாளரான பொன்னையண்ணன் மட்டும் அசரவில்லை. "மவன்ல காணாதத பேரன்ல தேடணும். தாத்தன் குணம் உள்ள ஒளிஞ்சு கெடக்கும்" என்பார். நம் ஊர் மழை தாங்காமல் சீமைக்கடா செத்தது. அவர் கலப்புக்குட்டிகளையே வளர்த்து, ஒன்றோடொன்று சேர்த்தார். அப்படிப் பிறந்த பேரன்களில் ஒரே ஒரு கடாக்குட்டி அகப்பட்டது. அதன் ரோமம் ஒன்றைக் கறுப்புத் துணியில் வைத்துக் காட்டினார். அவ்வளவு மெல்லிசு; எனக்குத் துணிதான் தெரிந்தது. "இவன் ஒருத்தன் போதும்லே மைதீனே, மந்தையே மாறிரும்" என்றார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு வேறு என்றும் நான் பார்த்ததில்லை.

அவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அதிகாரி சோதனைக்கு வந்தார். ஆட்டைத் தொட அவருக்கு அருவருப்பு. ரோமம் பிடுங்கிக் காட்டும்படி, பண்ணையில் தற்காலிக வேலையில் இருந்த என்னிடம் சொன்னார். என் வாப்பா கோட்டாற்றில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். ஆட்டைக் கண்டால் கறி பார்க்க எங்கள் கை தானாகத் தொடைக்குத்தான் போகும். எல்லாக் குட்டிகளிலும் தொடையிலிருந்தே பிடுங்கினேன். எவ்வளவு நல்ல ஆட்டுக்கும் தொடை ரோமம் முரடு. மென்மையைத் தோளில்தான் பார்க்க வேண்டும். அண்ணன் நூறு முறை சொன்னதுதான். அதிகாரி விரலில் உருட்டிப் பார்த்து, எல்லாம் முரடு என்று கடாக்குட்டிகள் அத்தனைக்கும் காயடிக்கச் சொன்னார். அந்தக் குட்டியின் முறை வந்தபோது நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. காயடிக்கும்போது அதன் காலைப் பிடித்துக்கொண்டவனும் நான்தான்.

காய்ச்சல் தெளிந்து வந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தோள்ல பாத்தியா மக்கா?"

"இல்லண்ணே. தொடையில."

அதற்குப்பின் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கடா நன்றாகத்தான் வளர்ந்தது, வாரிசுதான் இல்லை. ஆண்டுதோறும் ரோமம் கத்தரித்ததும், அதன் தோளில் வெட்டிய ஒரு பிடியைத் தாளில் மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். கடா சாகும்வரை ஐந்து முறை வைத்தார்.

"யார்மீதும் மனத்தாங்கல் வைக்காதவர்" என்று கூட்டத்தில் உங்களில் ஒருவர் பேசினார். என் மட்டில் அது பொய். அவர் என்னை மன்னிக்கவில்லை; மன்னிக்கும்படி நான் கேட்டதும் இல்லை. ஐந்து பொட்டலங்களும் என் பெட்டியில் இருக்கின்றன. முதலாவதை மட்டும்தான் பிரித்தேன்.