கண்ணாடி மேல் சுழலும் போன்கள்

"கையை நம்பு, மீட்டரை நம்பாதே" என்று எங்கள் பெரியப்பா சொல்வார். அல்லது "மீட்டரை நம்பு, கையை நம்பாதே" என்றுதான் சொன்னாரோ என்னவோ. கடுகண்ணாவை ஏற்றம் ஏறி வந்து நிற்கிற ரயிலின் அச்சு சூடேறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பது அவர் உத்தியோகம். அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது, எந்தப் பக்கமாகச் சொன்னார் என்பதுதான் மறந்துவிட்டது. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதால் கேட்கவும் வழியில்லை.

போன் பேட்டரியின் உடல்நிலை பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. பயந்தவர்களுக்குப் பயந்தவன் செய்கிற வைத்தியம் அது. கண்டியில் தமிழிலும் சிங்களத்திலும் படித்து, வளைகுடாவில் பதினெட்டு வருஷம் போன்களைத் திறந்து மூடிவிட்டு, நாற்பத்தேழு வயதில் திரும்பி வந்து மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சிறு கடை போட்டேன். பேட்டரி பதினைந்து சதவீதம் என்று சிவப்புக் கோடு விழுந்ததும் சார்ஜரைத் தேடி ஓடுகிற என் இனத்தவர்களே, இது நமக்குள் இருக்கட்டும்.

குட்

பேராதனையில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து கோல் வந்திருக்கிறது. ஈரத்தோடு ஓடி வந்து எடுத்தால், "உங்க மனைவிக்கு" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், போன் அணைந்துவிட்டது. அப்போது முப்பத்தெட்டு சதவீதம் இருந்ததாம். காதில் சவர்க்கார நுரையோடு காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மிச்ச வாக்கியம் "இரவைக்குக் கஞ்சி கொண்டு வாங்க" என்பதுதான். ஆனாலும் இரண்டு நாள் கழித்து என் கவுண்டரில் வைத்த பிறகும் போனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் பார்த்தனான், பற்றரி நல்லாத்தான் இருக்கு" என்றார். யாரோ சொல்லிக் கொடுத்த இரகசிய நம்பரை அடித்துக் காட்டினார். பேட்டரியின் ஆரோக்கியம் என்ற இடத்தில் "குட்" என்று வந்தது. அந்தச் சொல்லை நம்பி எத்தனை பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்! பேட்டரி இந்த நேரத்தில் சூடாகவில்லை, செத்தும் போகவில்லை என்பதைத்தான் அது சொல்லும். இன்னும் எவ்வளவு கொள்ளும் என்று சொல்லாது. அது தெரிய வேண்டுமென்றால் போனை வெறுமையாக்கி, உள்ளே எவ்வளவு போகிறது என்று மீட்டர் வைத்து அளக்க வேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலம் பிடிக்கும். அளந்தேன். பேட்டரி மேல் எழுதியிருந்ததில் பாதிகூட உள்ளே போகவில்லை. மனிதர் மீட்டரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் இது பொய் சொல்லி என்னைப் பேய்க்காட்டிக்கொண்டு இருந்திருக்கு, என்ன?"

நெஞ்சுப் பொக்கெட்

என் கவுண்டரின் மேல் ஒரு தடித்த கண்ணாடி கிடக்கிறது. வருகிற போனின் உறையைக் கழற்றி, முதுகு கீழே படும்படி வைத்து, மூலையை விரலால் ஒரு சுண்டு சுண்டுவேன். சுகமான போன் உரசிக்கொண்டு நின்றுவிடும். உள்ளே பேட்டரி வீங்கி முதுகு கூன் விழுந்திருந்தால் பம்பரம் மாதிரிச் சுழலும். மீட்டர் சொல்லாததைக் கண்ணாடி சொல்லும்.

துணிக்கடை ஹாஜியாரின் போன் மூன்று சுற்றுச் சுற்றியது. அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. "இன்னொருக்கா சுத்துங்க தம்பி" என்றார். இது வீக்கம், இப்படியே விட்டால் நெருப்புப் பிடிக்கலாம் என்று சொன்னதும் கை மெதுவாகச் சட்டைப் பொக்கெட்டுக்குப் போனது. இடது பக்கம், நெஞ்சுக்கு நேரே. துணி அந்த இடத்தில் போன் அளவுக்கு வெளிறிப்போயிருந்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"தம்பி, நெஞ்சுல சூடா இருக்கின்டு போன மாசம் டொக்டர்ட்ட போனேன். அவரு நெஞ்சத்தான் பார்த்தாரு, பொக்கெட்டப் பார்க்கல்ல."

மணல் வாளி

வீங்கிய பேட்டரியைக் கழற்றும்போது ஒரு வாசம் வரும். நகப்பூச்சையும் அழுகிய அன்னாசியையும் சேர்த்துக் கலக்கினால் வருமே, அப்படி. இனிமையான வாசம், அதுதான் பயங்கரம். வளைகுடாவில் எனக்கு இரண்டு மேசை தள்ளியிருந்தவன் அந்த வாசத்தைப் பொருட்படுத்தாமல் இடுக்கியை உள்ளே விட்டான். காஸ் அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. ஆள் தப்பிவிட்டான், புருவம் மட்டும் திரும்ப முளைக்கவில்லை. அதன் பிறகு பழுத்த அன்னாசிகூட எனக்கு ஆகாது.

ஹாஜியாரின் போனைத் திறந்தபோது அந்த வாசம் மெல்லிசாக வந்தது. உலோகக் கருவியைக் கீழே வைத்துவிட்டு பிளாஸ்டிக் அட்டையால் அணு அணுவாக நெம்பினேன். காலடியில் மகாவலி ஆற்று மணல் நிரப்பிய வாளி. கடையின் முன்பக்கத்தில் போன் உறைகள் விற்கிற நிமல், என்னிடம் பழகித் தமிழ் பேசுகிறவன், வீதிக்குப் போய் நின்றுகொண்டான். பேட்டரி மணலுக்குள் போய் ஐந்து நிமிஷம் கழித்துத்தான் உள்ளே வந்தான். கவுண்டர், சுவர், அலுமாரி மூன்றுக்கும் நடுவில் நான் அடைபட்டு இருப்பதை அப்போதுதான் பார்த்தவன் போலப் பார்த்தான்.

"அண்ணே, மணல் வாளி சரி. நீங்க ஓடுற வழி எங்க?"

பின்னேரம் நாலு மணி

ரீட்டா அக்கா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்திருந்தார். போனைக் கண்ணாடியில் வைத்தேன். சுண்டவே தேவைப்படவில்லை, கை பட்டதும் சுழன்றது. பின்மூடி ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. தலைமயிர் ரப்பரால் கட்டி வைத்திருந்தார்.

"எங்க வச்சு சார்ஜ் போடுறீங்க?" என்று கேட்டேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் சிக்னல் கிடைப்பது ஜன்னலில் மட்டும். ஒரு துணிப் பைக்குள் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, வயரைச் செருகினால் செருகியபடி. காலை முழுக்க அங்கேதான் வெயில் விழும். மகள் ஸ்டெல்லா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள்; அந்த வீட்டு மேடம் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் பேச முடியும். இங்கே அது பின்னேரம் நாலு மணி. சில நாள் ஆறு. ஒரு நாளும் தவறியதில்லை.

பொருத்தமான பேட்டரி கொழும்பிலிருந்து வர நாலு நாள் ஆகும், போனை விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். முடியாது என்றார். வெடிக்கும் என்றேன். மணல் வாளியைக் காட்டினேன். புருவம் போனவன் கதையைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த பயம் எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் இறக்கி வைத்தேன். அவர் கேட்டுவிட்டு, ரப்பரைத் திரும்பவும் போட்டுக் கட்டினார். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்: ஜன்னலில் வைக்க வேண்டாம், வெயில் படக் கூடாது, துணிக்குள் கூடாது, சீமெந்துத் தரையில் தகரத்துக்குள் வைக்கவும். பெயர், தோட்டம், டிவிசன், லயம் எல்லாம் என் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"அண்ணே, இது வெடிச்சா என் வீடு போவும். இது ஓஃப் ஆனா என் புள்ளை போயிரும்."

தொடர்புகொள்ள முடியாத இலக்கம்

திங்கட்கிழமை மத்தியானம் சும்மா விசாரிக்கலாம் என்று அடித்தேன். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது, மூன்று மொழியிலும். பின்னேரம் அடித்தேன். அதே பதிவுக் குரல், அதே மூன்று மொழி. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, மகள் எடுக்கிற நேரத்துக்கு அடித்தேன். இல்லை.

வீங்கிய பேட்டரி என்று தெரிந்தே கையில் கொடுத்து அனுப்பியவன் நான். அது பத்துக் காம்பரா லயம் என்றும், ஒரே கூரை, ஒரே மரச் சட்டம் என்றும் அவரே சொல்லியிருந்தார். தெல்தோட்டையில் தீ என்று செய்தி ஏதும் வந்ததா என்று போனில் தேடினேன், வரவில்லை. வராதது ஆறுதலாக இல்லை, லயத்தில் நடக்கிறதெல்லாம் செய்தியாக வருவதில்லையே. புதன் காலை ஒரு போனைக் கண்ணாடியில் வைத்துச் சுண்டிவிட்டு, அது நின்ற பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிமல் வந்து என் கையிலிருந்து திருகாணி கழற்றியை வாங்கினான்.

"போய்ப் பாருங்க அண்ணே. இல்லாட்டி இங்க நீங்கதான் வெடிப்பீங்க."

தெல்தோட்டை பஸ்

வளைவுக்கு வளைவு என் பயமும் கூடவே ஏறி வந்தது. இறங்கி, விசாரித்து, படி ஏறிப் போனால், லயம் அப்படியே இருந்தது. கூரை இருந்தது. ரீட்டா அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, வாசலில் நின்றிருந்தார். மூன்று நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது. "வாங்கண்ணே" என்று வழி விட்டு நின்றார். உள்ளே போனேன். அந்த அன்னாசி வாசம் வந்தது. அடுப்படி மூலையில், சீமெந்துத் தரையில், பிஸ்கட் தகரம். அதற்குள் நான் எழுதிக் கொடுத்தபடியே போன், சுற்றிலும் மணல்கூடக் கொட்டியிருந்தார். ஜன்னலில் துணிப் பை வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் போன் எடுக்கல்ல?" என்று கேட்டேன்.

"அங்கன சிக்னல் இல்லண்ணே. நீங்கதானே ஜன்னல்ல வைக்காதீங்கன்னு சொன்னீங்க. பக்கத்துக் காம்பராவுல கைப்புள்ள இருக்கு. என் புள்ளைக்காக அவங்க புள்ளையக் கொளுத்தச் சொல்றீங்களா?"

ஒரு தட்டை வாங்கி, போனை அதில் வைத்து, தூரமாகப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். சிக்னல் கோடு ஒன்று ஏறியது, இரண்டு ஏறியது. பிறகு டிங் டிங் என்று நிற்காமல் அடித்தது. எடுக்காத கோல்கள், நடுவில் மகளின் குரல் செய்தி. ரீட்டா அக்கா விரலால் தொட்டார். "அம்மா, மூணு நாளா அடிக்கிறேன். உனக்கு என்னமோ ஆயிருச்சு, எல்லாரும் சேந்து மறைக்கிறீங்க. நாளைக்கும் எடுக்கலன்னா பாதியில விட்டுட்டு வந்துருவேன், மேடம் பாஸ்போட்டு தரலன்னாலும் ஓடி வந்துருவேன்." அந்தச் செய்தி செவ்வாய்க்கிழமை பின்னேரம் அனுப்பியது, அவள் சொன்ன நாளை என்பது அன்றைக்குத்தான். நாங்கள் அதைக் கேட்டபோது மணி மூன்றரை.

போனை அணைத்தேன். அவசரத்தில் சிம் தட்டு இரண்டு தரம் கீழே விழுந்தது. என் சிம்மைக் கழற்றிப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, அவருடையதை என் போனில் போட்டு, வட்ஸ்அப்பை எழுப்பி, ஜன்னலில் நானே பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் எடுத்தால் மேடத்துக்குத் தெரிந்துவிடும், அவளாகத்தான் எடுக்க வேண்டும். நாலு மணிக்கு வரவில்லை. நாலு பத்துக்கும் வரவில்லை. ரீட்டா அக்கா செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். பக்கத்துக் காம்பராக்காரர்களும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நாலே காலுக்கு அடித்தது. மறுபக்கத்தில் அழுகை மட்டும் கேட்டது. ரீட்டா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதட்டுகிற மாதிரிச் சொன்னார்.

"சும்மா இரு புள்ள, எனக்கு ஒண்ணும் இல்ல. பேட்டரிக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

அந்த வீங்கிய போனைத் தகரத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, என் போனை ரீட்டா அக்காவிடமே விட்டுவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறினேன்; மறுநாள் கடை திறந்ததும் மூன்று பழைய போன்களுக்கு முழுச் சார்ஜ் ஏற்றிக் கவுண்டரில் வைத்தேன், வீங்கிய பேட்டரியோடு வருகிறவர் இனி அதில் ஒன்றில் தன் சிம்மைப் போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார்.