அழைப்பவரும் கையெழுத்திட வேண்டும்

தரணியின் காரில் பஸ் மோதியபோது அவளோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தவன் நான்.

தரணி என் மகள். இருபத்தைந்து வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களுக்கு இயந்திரங்கள் விற்று, அவற்றுக்குச் சேர்விஸும் செய்து கொடுக்கும் ஒரு கம்பனியில் வேலை. அலுவலகம் பம்பலப்பிட்டியில். கம்பனி கொடுத்த சின்ன வெள்ளைக் காரில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வருவாள். அன்று காலை நல்ல மழை. பொரளைப் பக்கம் வீதியில் மரம் விழுந்து கிடக்கும் படம் ஒன்று என் போனுக்கு வந்தது. அவள் அந்தப் பக்கம்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். உடனே அவளுக்குப் போன் எடுத்தேன். பதில் இல்லை. மறுபடி எடுத்தேன். நாலாவது தடவைதான் அவள் குரல் கேட்டது.

"என்னப்பா, கெதியாச் சொல்லுங்கோ."

"பொரளைப் பக்கம் போகாதை பிள்ளை. மரம் விழுந்து கிடக்காம்."

"நான் பொரளையிலதான் நிக்கிறன். மரத்தை எப்பவோ வெட்டி எடுத்திட்டாங்கள்."

அதன் பிறகு தகரம் நசிகிற சத்தம். யாரோ சிங்களத்தில் கத்துவது கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

பதினொரு நிமிடம் கழித்து அவளே எடுத்தாள். தனக்கு ஒன்றுமில்லை, பின் லைட்டும் பம்பரும்தான் போய்விட்டன, கொண்டக்டர் ஏசிக்கொண்டு நிற்கிறார், பிறகு கதைக்கிறேன் என்றாள். "நீங்கள் மட்டும் இனி எடுக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை. மேசையில் இருந்த தேநீரை யார் குடித்தது என்றும் தெரியாது. சம்பவம் நடந்து இரண்டு மாதமாகிறது. இப்போதும் லொறி ஒன்று பிரேக் போடும் சத்தம் கேட்டால் போனைத்தான் தேடுகிறேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கம்பனிக் காரை எப்படி ஓடவேண்டும் என்று மற்றவர்களுக்கு விதி எழுதுவதுதான் என் தொழில்.

1. மீன் விதி

கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு மருந்து விநியோகக் கம்பனியில் நான் போக்குவரத்து அலுவலர். பத்தொன்பது வருடமாகிறது. டொக்டர்மாரைப் பார்க்கப் போகும் மெடிக்கல் ரெப்மாருக்குக் கம்பனி கார் கொடுக்கும். அந்தக் கார்களுக்குப் பொறுப்பு நான்.

நான் சேர்ந்தபோது விதி என்று எதுவும் இல்லை. கார்த் திறப்பைக் கொடுத்தோம், ஓடினார்கள். ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு கூத்துக்குப் பிறகு வந்தது. ஒரு ரெப் விடிய வெள்ளனப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய் வீட்டு விசேஷத்துக்குப் பெரிய பாரைமீன் ஒன்று வாங்கி, மருந்துச் சாம்பிள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தார். ஐஸ் உருகி சீற்றுக்குள் இறங்கிவிட்டது. பிறகு ஒரு மாதம் அந்தக் கார் எங்கே நின்றாலும் பொனற்றில் ஒரு பூனை இருந்தது. ஒரு டொக்டர் சாம்பிள் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, இது மீனெண்ணெய் மாத்திரையா என்று கேட்டாராம். ஒன்பதாம் விதி அப்படித்தான் பிறந்தது: கம்பனி வாகனத்தில் மீன், கருவாடு, இறைச்சி ஏற்றக்கூடாது.

கோயிலுக்குப் போன புதுக் கார் ஒன்றின் முன்னால் உடைத்த சிதறுதேங்காய், தெறித்து வந்து ஹெட்லைட்டை உடைத்தது. சேத அறிக்கையில் "மோதிய பொருள்" என்ற இடத்தில் "தேங்காய்" என்று எழுதி இன்சூரன்சுக்கு அனுப்பினேன். பன்னிரண்டாம் விதி வந்தது: பூசை செய்யலாம், தேங்காயைப் பத்து அடி தள்ளி உடைக்கவும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஏழாம் விதி. கார் ஓடும்போது போன் எடுக்கக்கூடாது. ஹான்ட்ஸ்ப்ரீயும் கூடாது. மாத முடிவில் கம்பனி சிம்மில் வந்த போன அழைப்புகளின் பட்டியலையும், கார் ஓடியதையும் நின்றதையும் பதியும் ட்ரக்கரின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிமட்டம் வைத்து வரி வரியாக ஒப்பிடுவேன். கார் ஓடிய நேரத்தில் அழைப்பு எடுத்திருந்தால் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் கார் கம்பனிக்குத் திரும்பி வரும். பாதுகாப்பில்லாத இடத்தில் நிறுத்துவதற்கும் ஒரு புள்ளி உண்டு. இந்த விதிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது.

2. நிஷாந்தனின் கார்

நிஷாந்தன் எங்கள் கெட்டிக்கார ரெப்களில் ஒருவன். தரணியின் காரில் பஸ் மோதுவதற்கு முன்பே அவனுக்கு மூன்று புள்ளி சேர்ந்தது. மூன்று அழைப்பும் ஒரே இலக்கத்தில் இருந்து வந்தவை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா சேர். நான் எடுக்காட்டி அவ இன்னும் பத்துத் தரம் எடுப்பா. பிறகு பக்கத்து வீட்டுக்காரரும் எடுப்பினம்."

"அது உம்மட வீட்டுப் பிரச்சினை. ஓடுறது ஆர்? நீர்தானே?"

அவன் திறப்பை மேசையில் வைத்தான். அவனைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். சரியான தீர்ப்புக் கொடுத்தேன் என்ற திருப்தியோடு அன்று வெள்ளவத்தைக்கு வீடு போனேன். போகும் வழியில் தரணிக்கு இரண்டு தடவை எடுத்திருப்பேன்.

3. விசாரணை

பஸ் மோதி மூன்றாம் நாள், தரணியின் கம்பனியில் இருந்து சுரங்கி எனக்குப் போன் எடுத்தார். அங்கே வாகனங்களுக்குப் பொறுப்பான சிங்களப் பெண். முன்பே தெரிந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் தங்கள் கம்பனிக்கு விதிகள் எழுத வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் விதிகளின் பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு போனவர். நானும் பெருமையோடு கொடுத்தேன். தரணி அங்கே வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு.

விசாரணையில் ஒரு சந்தேகம் இருக்கிறது, விதியை எழுதியவர் என்ற முறையில் ஒரு தடவை வந்து போக முடியுமா என்று கேட்டார். போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் சுரங்கி. இந்தப் பக்கம் தரணி. அவள் என்னைப் பார்க்காமல் மேசையில் இருந்த பேப்பர் வெயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுரங்கி கோப்பைத் திறந்தார். தரணிக்கு ஏற்கனவே இரண்டு கறுப்புப் புள்ளி இருந்தது எனக்குத் தெரியும். ஏன் என்று முன்பு கேட்டபோது "ஸ்பீட் அப்பா" என்றிருந்தாள். வேகமாக ஓடுவதைப் பற்றி அரை மணித்தியாலம் அவளுக்குப் புத்திமதி சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கோப்பில் பார்க்கிறேன், இரண்டும் ஏழாம் விதிப் புள்ளிகள். ஓடும்போது எடுத்த அழைப்புகள். இரண்டுக்கும் நேரே என் போன் இலக்கம் இருந்தது.

மூன்றாவது தடவை அவள் ஏழாம் விதியை மீறவில்லை. நான் திரும்பத் திரும்ப எடுத்ததால் ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து, ஓடிக்கொண்டு எடுக்காமல் காரை ஓரங்கட்டியிருக்கிறாள். ஓரங்கட்டியது, பஸ் வந்து நிற்கும் ஹோல்டில். பின்னால் வந்த பஸ் மழையில் வழுக்கி வந்து இடித்துவிட்டது. சுரங்கியின் சந்தேகம் இதுதான். பாதுகாப்பில்லாத இடத்தில் நிறுத்தியதற்கு மூன்றாம் புள்ளி போடுவதா, விடுவதா? போட்டால் கார் போகும். தரணி இன்னும் பயிற்சிக் காலத்தில் இருக்கிறாள். கார் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வேலையை விட்டு அலுவலகத்துக்குள் போய் விலைப்பட்டியல் தட்டச்சுச் செய்யவேண்டி வரும். அவள் படித்தது அந்த இயந்திரங்களைத் தொட்டுத் திருத்துவதற்கு.

நான் என் போனை எடுத்து அன்றைய அழைப்புகளைக் காட்டினேன். ஆறு நிமிடத்துக்குள் நாலு. சுரங்கி ஒவ்வொன்றாக நேரத்தை வாசித்துவிட்டு, இந்தப் புள்ளியை அப்பாவுக்குத்தான் போடவேண்டும், ஆனால் உங்கள் விதிகளில் அதற்கு இடமில்லையே என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உங்கள் ரெப் ஒருவர் இப்படிச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

விட்டுவிடுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். நிஷாந்தன் மேசையில் திறப்பை வைத்தது ஞாபகம் வந்து அதைத் தடுத்தது.

"புள்ளி போடுவன்" என்றேன்.

தரணி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். "சரியாத்தான் சொல்றார் மிஸ். பஸ் ஹோல்டில நிப்பாட்டினது என்ர பிழை" என்றாள்.

இரண்டு மாதத்துக்குக் கார் இல்லை என்று முடிவானது. ஆனால் விலைப்பட்டியலுக்கு அனுப்பவில்லை. அதுவரை இன்னொரு டெக்னீஷியனின் வான் வண்டியில் அவள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வரட்டும் என்று சுரங்கி ஒழுங்கு செய்தார். படியிறங்கும்போது, ஸ்பீட் என்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"உண்மையைச் சொன்னா நீங்கள் நித்திரை கொள்ள மாட்டீங்கள். பிறகு இரவிலயும் எடுப்பீங்கள்."

4. டிரெக்டரின் கேள்வி

மறுநாள் எங்கள் டிரெக்டரிடம் போய் நிஷாந்தனுக்குக் காரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றேன். ஏழாம் விதியில் பாதி இல்லை, ஓடுபவனை மட்டும் கேட்டிருக்கிறேன், அழைப்பவரைக் கேட்கவேயில்லை என்று விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பாலா, உம்மட மகளுக்கு வந்தாப் பிறகுதான் உமக்கு விளங்கிச்சோ?"

"ஓம் சேர்."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, சரி, மற்றப் பாதியையும் எழுதிக்கொண்டு வாரும் என்றார்.

எழுதினேன். எழுதிய பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. வீட்டில் இருப்பவர்களுக்குக் கம்பனி எப்படிக் கட்டளை போடுவது? கடைசியில், காரை வாங்கும் ரெப் வீட்டிலிருந்து அதிகமாக அழைக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, அவரும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்று வைத்தேன். முதலாவதாக வந்தவர் நிஷாந்தனின் அம்மா.

மெலிந்த உருவம், பெரிய கைப்பை. நாற்காலியைக் காட்டி இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அவன் மத்தியானம் என்ன சாப்பிட்டவன் எண்டுதான் நான் கேக்கிறனான். அதுக்கோ, தம்பி, காரைப் பறிச்சனீங்கள்?"

"கார் ஓடேக்க கேக்கிறீங்களம்மா."

"அவன் எப்ப ஓடுறான், எப்ப நிக்கிறான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்குத்தான் அந்த மிசின் இருக்கு. எனக்கென்ன இருக்கு?"

பத்தொன்பது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ட்ரக்கரைப் பார்த்து அவன் நிற்கிறானா ஓடுகிறானா என்று நான் அறிவேன். அவனைப் பெற்றவருக்கு போன் அடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனக்கும் தரணியின் விஷயத்தில் அதே நிலைமைதான். படிவத்தை வாங்கி, அவர் முன்னாலேயே பேனையால் ஒரு வரி சேர்த்தேன்: ஓடுபவர் புறப்படும்போதும் போய் நின்ற பிறகும் வீட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பவேண்டும். இரண்டுக்கும் நடுவில் வீட்டிலிருந்து அழைப்பதில்லை.

அவர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு அந்த நாற்காலியில் இருந்தார்.

"உங்களுக்கும் பிள்ளையள் இருக்கோ?"

"ஒரு மகள். அவவும் கார்தான் ஓடுறா."

"எத்தினை தரம் எடுப்பீங்கள்?"

"அண்டைக்கு நாலு."

"நான் ரெண்டுக்கு மேல எடுக்கிறேல்லை" என்று சொல்லிக்கொண்டு கையெழுத்தைப் போட்டார். நிஷாந்தன் வாசலில் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

5. திங்கட்கிழமை

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காருக்கு விதி எழுதும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரோடு நின்றுவிடாதீர்கள். அவருக்காக வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களையும் கூப்பிட்டு இருத்திக் கதையுங்கள். அவர்கள் ஏசினால் ஏச விடுங்கள், விதியில் எது இல்லை என்பது அதில்தான் தெரியவரும். கண்டிப்பைக் குறைக்கவேண்டியதில்லை. நிஷாந்தனுக்குக் காரைக் கொடுத்த அன்றே, ஓடும்போது எடுத்தால் மறுபடி புள்ளி என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

புதுப் படிவத்தின் பிரதியைச் சுரங்கி தானே கேட்டு வாங்கினார். தரணியின் படிவத்தில் வீட்டிலிருந்து அழைப்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். இந்தத் திங்கட்கிழமை அவளுக்குக் கார் திரும்பக் கிடைத்தது.

எட்டேகாலுக்குப் புறப்படும் மெசேஜ் வந்தது: "வெளிக்கிடுறன்." அன்று அவள் போகும் ஆஸ்பத்திரிக்கு அரை மணித்தியாலம் போதும். எட்டே முக்கால் ஆனது. ஒன்பது ஆனது. நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு டயர் பில்லைக் கையில் எடுத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கவேண்டாம். ஒன்பது பத்துக்குப் போன் அதிர்ந்தது.

"வந்திட்டன். பார்க் பண்ண இடமில்லாமல் மூண்டு சுத்துச் சுத்தினனான். ஒருக்காலும் எடுக்கேல்லை. நல்ல அப்பா."

நன்றி என்று பதில் அனுப்பினேன். அவள் பிந்திய அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள் வீட்டிலிருந்த அவளுடைய அம்மாவுக்கு ஆறு தடவை போன் எடுத்ததை அவளுக்குச் சொல்லவில்லை. அம்மா கார் ஓடுவதில்லை. விதியில் அதற்குத் தடையும் இல்லை.