அவளே போய்க் கேட்கட்டும்

மாரிகுப்பத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலில்தான் என் நாவலில் பெரும்பகுதியை எழுதினேன். எனக்குப் பெங்களூரில் ஆபீஸ் வேலை. உட்கார இடம் கிடைத்தால் போதும், செல்போனில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போவேன்.

ராஜகுமாரி கதைகள்மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். அதில் ஒன்றை, சித்தியிடம் அல்லல்படும் பெண் விருந்துக்குப் போய் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு ஓடிவரும் கதையை, வெள்ளைக்காரர் காலத்துக்கு, எங்கள் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுவந்தேன். என் நாயகி துரை பங்களாவில் பாத்திரம் தேய்ப்பவள். துரைசாணி கழித்துப்போட்ட பட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, சித்திக்குத் தெரியாமல் பூப்பல்லக்கு ஊர்வலம் பார்க்கப் போகிறாள். சுரங்கத்தில் ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். கூட்டத்தில் ஒருவனைப் பார்க்கிறாள், பேசுகிறாள், சங்கு ஊதுகிறது, ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடுகிறாள்.

பக்கத்து சீட்டில் தினமும் வரும் அக்கா என் போனை எட்டிப் பார்த்தாள். கார்மென்ட்ஸில் தையல் வேலை அவளுக்கு. புருஷன் இறந்து பல வருஷம்; ஒரே மகள் காலேஜில் படிக்கிறாள். அக்கா படித்தது கன்னடப் பள்ளிக்கூடம், தமிழ் பேசத்தான் வரும்.

"இன்னாம்மா அது, தினமும் தட்டிக்கினே கீற? கொஞ்சம் படிச்சிக் காட்டு."

படித்துக் காட்டினேன். மறுநாள் எதிர் சீட்டுக்காரிகளும் காது கொடுத்தார்கள். அந்த வாரக் கடைசிக்குள் எங்கள் மூலையே கதை கேட்கும் கூட்டமாகிவிட்டது. கூட்டம் கேட்டதோடு நிற்கவில்லை. நாயகன் குதிரையில் வரும் ஜமீன்தார் மகன் என்று எழுதியிருந்தேன். "ஜமீன்தாரு இங்க எங்க வந்தான்? நம்மாளு ஒருத்தனைப் போடு" என்று ஒரே சத்தம். குதிரையை விற்றுவிட்டு, சுரங்கத்துக்குள் ஆட்கள் போய்வரும் கூண்டை, கேஜை, இறக்கி ஏற்றும் இன்ஜின் டிரைவராக அவனை மாற்றினேன். எனக்கே அவனை அதற்கப்புறம்தான் பிடித்தது.

செருப்பை எடுத்துக்கொண்டு அவன் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் லைன் லைனாக, வீடு வீடாகத் தேடுகிற அத்தியாயம் வந்தது. அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவன் இன்ஜின் ரூம்ல கீறான்னு அவளுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் குந்திக்கினு கீறா? போய்க் கேக்கட்டுமே."

"கதை அப்படித்தான்க்கா. காலங்காலமா அவன்தான் தேடி வருவான்."

"எழுதறது நீயா, காலங்காலமா?"

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. நாலைந்து நாள் ஒரு வரி ஓடவில்லை. பிறகு ஒரே மூச்சில் எழுதினேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஆட்கள் திமுதிமுவென்று வெளியே வருகிறார்கள். அத்தனை பேர் எதிரிலும் அவள் ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுங்காலுமாக நடந்து இன்ஜின் ரூம் வாசலில் நின்று, "என் செருப்பு உங்கிட்ட கீது, குடு" என்கிறாள். படித்து முடித்ததும் பெண்கள் கைதட்டினார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் ரயிலுக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஏதாவது மனம் நோகும்படி எழுதிவிட்டேனோ என்று எனக்குள் குடைந்தது.

மூன்றாம் நாள் வந்தாள். காதுவரை சிரிப்பு.

"நான் போய்க் கேட்டுட்டேன்" என்றாள்.

மாரிகுப்பம் ஸ்டேஷன் பக்கத்தில் வண்டி நிறுத்தும் ஸ்டாண்ட் வைத்திருப்பவரைத்தான். ஐம்பதை ஒட்டிய, கல்யாணம் ஆகாத, அதிகம் பேசாத மனிதர். அக்காவின் ஸ்கூட்டியை எப்போதும் நிழலில் தள்ளி வைப்பார். மழை வந்தால் அதன்மேல் சாக்கு போடுவார். எங்கள் எல்லோர் வண்டியும் நனைந்தபடியே நிற்கும்.

"'எம் வண்டிக்கு மட்டும் ஏங்க சாக்கு?'ன்னேன். 'மழைக்குங்க'ன்னாரு. 'மத்த வண்டிக்கு மழை பெய்யாதா?'ன்னேன். மனுஷன் டோக்கனை எல்லாம் கீழ கொட்டிட்டாரு."

ரயில் குலுங்கச் சிரித்தோம். பொறுக்கிக் கொடுக்க இவள் குனிந்தாளாம், அவரும் குனிந்தாராம். எழுந்தபோது, "எனக்குச் சம்மதங்க. நீங்க கேக்கற வரைக்கும் எனக்குத் தைரியம் வரல" என்று சொன்னாராம். மகளிடம் சொல்லப் பயந்துதான் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். சொன்னதும் மகள், "அம்மா, இப்பத்தான் கேட்டியா?" என்று கட்டிக்கொண்டாளாம்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கோயிலில், ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். எங்கள் மூலை மொத்தமும் போயிருந்தோம். மாலை மாற்றும்போது மாப்பிள்ளை மாலையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அக்காவே அவர் கையைப் பிடித்து மாலையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மகள் விசிலடித்தாள். ஐயர்கூடச் சிரித்துவிட்டார்.

லீவு முடிந்து அக்கா ரயிலேறிய அன்று, பங்காருபேட்டை தாண்டியதும் பெரிய டிபன் கேரியரைத் திறந்தாள். தக்காளி சோறு. "அவர் செஞ்சது. உங்க எல்லாருக்கும்தான் குடுத்தனுப்பினாரு" என்றாள். உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனாலும் கிருஷ்ணராஜபுரம் வருவதற்குள் அடிவரை வழித்துச் சாப்பிட்டோம்.